உண்ணிக்குச்சி யானைகளும் உண்மை யானைகளும்

(கோவையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நகரம், விலங்கு, கலை என்று மூன்று சொற்களைக் கொடுத்து என்னைப் பேச அழைத்திருக்கிறார்கள். இதை வைத்துக்கொண்டு உலகம் முழுவதையும் சுற்றி வரலாம். நான் ஒரே ஒரு யானைக் கூட்டத்தின் பின்னால் போகலாம் என்றிருக்கிறேன். நமக்குப் பக்கத்து மலையில் பிறந்த கூட்டம் அது.

2021 ஜூன் மாதம். கொரோனா ஊரடங்கு கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்துகொண்டிருந்த லண்டன் மாநகரம். அங்கே பக்கிங்ஹாம் அரண்மனையிலிருந்து கூப்பிடு தூரத்தில் கிரீன் பார்க், செயின்ட் ஜேம்ஸ் பார்க் என்று இரண்டு பூங்காக்கள் உண்டு. அந்தப் புல்வெளிகளில் சுமார் நூறு யானைகள் வந்து நின்றன. பெரிய கொம்பன்கள், பிடிகள், தாயின் காலை ஒட்டி நிற்கும் கன்றுகள். எல்லாம் உயிர் யானையின் அளவு. அத்தனையும் குச்சியால் ஆனவை. அந்தக் குச்சிகளை வெட்டி, வேகவைத்து, தோல் உரித்து, வளைத்து, ஆணி அடித்தவர்கள் நீலகிரியிலும் அதை ஒட்டிய மலைகளிலும் வாழும் பழங்குடி மக்கள். பெட்டக்குறும்பர், பணியர், காட்டுநாயக்கர், சோளிகர் ஆகிய சமூகங்களைச் சேர்ந்தவர்கள்.

கண்காட்சிக்குப் பெயர் ‘கோஎக்ஸிஸ்டன்ஸ்’. சேர்ந்து வாழ்தல். நடத்தியது ‘எலிஃபன்ட் ஃபேமிலி’ என்ற அறக்கட்டளை. ஆசிய யானைகளுக்காக மார்க் ஷாண்ட் 2002-இல் தொடங்கியது. யானைகளை உருவாக்கியது கூடலூரில் இயங்கும் ‘ரியல் எலிஃபன்ட் கலெக்டிவ்’. சுப்ரா நாயர் என்ற வடிவமைப்பாளரும், யானை மனித உறவை ஆராய்ந்து வரும் தர்ஷ் தேக்கேகராவும் அதன் முக்கியமான ஆட்கள். பிறகு இந்தக் கூட்டம் அமெரிக்காவுக்கும் கப்பலேறியது. 2024-இல் நியூபோர்ட் கடற்கரையிலும் நியூயார்க்கின் இறைச்சிச் சந்தைப் பகுதியிலும் மயாமி கடற்கரையிலும் நின்றது.

முதலில் அந்தக் குச்சியைப் பற்றிப் பேச வேண்டும். உண்ணிச்செடியை இங்கே எல்லோருக்கும் தெரியும். மஞ்சளும் ஆரஞ்சும் ரோஸுமாகக் கொத்துக் கொத்தாகப் பூக்கும். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் அதன் கருநிறப் பழத்தைப் பறித்துத் தின்பார்கள். அது நம் மண்ணின் செடி கிடையாது. அமெரிக்கக் கண்டத்து வெப்பப் பகுதிகளிலிருந்து, தோட்டத்து அழகுக்காக, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர்கள் கொண்டுவந்தது. தோட்ட வேலியைத் தாண்டிய பிறகு அதைத் தடுக்க யாராலும் முடியவில்லை. இன்று முதுமலையிலும் பந்திப்பூரிலும் பிலிகிரிரங்கன் மலையிலும் ஆள் உயரத்துக்கு மேல் அடர்ந்து கிடக்கிறது. அதன் இலையை மாடு தின்றால் நோயில் விழும். அது மண்டிய இடத்தில் புல் முளைக்காது. புல் இல்லாத காட்டில் மானுக்கும் காட்டெருமைக்கும் யானைக்கும் மேய இடம் குறையும். புதருக்குள் என்ன நிற்கிறது என்று காட்டு வழியில் நடப்பவருக்கும் தெரியாது. யானைமேல் போய் மோதிக்கொள்ளும் விபத்துகளுக்கு அதுவும் ஒரு காரணம்.

அந்தச் செடியைத்தான் வெட்டிக் கொண்டுவந்தார்கள். பெரிய பாத்திரத்தில் போட்டு வேகவைத்தால் குச்சி நெகிழும். நெகிழ்ந்த குச்சியின் தோலை உரித்துவிட்டு, இரும்புக் கம்பியில் கட்டிய யானைக் கூட்டின்மேல் ஒவ்வொன்றாக வளைத்து அறைகிறார்கள். தோள் திரளும் இடத்தில் குச்சி நெருங்கி ஓடுகிறது. வயிற்றில் நீண்டு தொங்குகிறது. துதிக்கையில் வளையம் வளையமாக இறங்குகிறது. வேண்டாத களையாகக் கிடந்த குச்சி, தசையின் போக்கைச் சொல்லத் தொடங்கிவிடுகிறது. இதனால் காட்டில் உண்ணிச்செடி ஒழிந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வெட்டிய இடத்திலிருந்து அது மறுபடி துளிர்க்கும். வேரோடு எடுத்து, பின்னால் பல ஆண்டுகள் காவல் இருந்தால்தான் புல் திரும்பும். ஆனாலும் காட்டை மூச்சுத் திணறவைக்கும் ஒன்றிலிருந்து காட்டின் ஆதி மனிதர்கள் கூலி ஈட்டினார்கள். காட்டின் உருவத்தையும் அதிலிருந்தே வார்த்தார்கள். எனக்கு அது பெரிய காரியம்.

லண்டனுக்கு யானை புதிதில்லை. 2010-இல் ‘எலிஃபன்ட் பரேட்’ என்று ஒன்று நடந்தது. அதே அறக்கட்டளைக்கு நிதி திரட்ட, 250-க்கும் மேற்பட்ட யானைக் கன்றுகளை நகரம் முழுக்க வைத்தார்கள். எல்லாம் ஒரே அச்சு. ஒவ்வொன்றின்மேலும் ஓர் ஓவியரோ ஆடை வடிவமைப்பாளரோ தமக்குப் பிடித்தபடி வண்ணம் தீட்டினார். நகரம் மகிழ்ந்தது, நல்ல பணமும் திரண்டது. அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்த யானைகளைப் பார்த்தவர் எதைப் பார்த்தார்? ஓவியரின் கையைப் பார்த்தார். யானை என்பது அங்கே திரைச்சீலை மட்டும்தான்.

கூடலூர் யானைகளின் கதை வேறு. அவற்றில் ஒவ்வொன்றும் அந்தக் காடுகளிலும் தேயிலைத் தோட்டங்களிலும் உண்மையில் நடமாடும் ஒரு குறிப்பிட்ட யானையைப் பார்த்துச் செய்தது. காது மடிப்பு, தந்தத்தின் வளைவு, முதுகின் மேடு, வாலின் நீளம் எல்லாம் யானைக்கு யானை மாறும். தேயிலைத் தோட்டமும் காட்டுத் துண்டும் தொழிலாளர் லைன் வீடும் கடைவீதியும் பின்னிக் கிடக்கிற ஊர் கூடலூர். அங்கே யானையை அறிவது என்றால் யானை என்ற இனத்தை அறிவது போதாது. எந்த யானை என்று தெரிய வேண்டும். எது கதவைத் தட்டும், எது ஒதுங்கிப் போகும், எதற்குச் சமீபத்தில் மதம் வந்தது என்று தெரியாமல் அங்கே விடியற்காலையில் பால் வாங்கப் போக முடியாது.

இது இன்றைக்கு வந்த அறிவு கிடையாது. நூரிட் பேர்ட்-டேவிட் என்ற மானுடவியலாளர் 1970-களின் இறுதியில் நீலகிரி வயநாடு எல்லையில் நாயக்கர், அதாவது காட்டுநாயக்கர், என்னும் காட்டுவாசி மக்களோடு தங்கி ஆராய்ந்தவர். 1999-இல் அவர் எழுதிய கட்டுரை மானுடவியல் உலகில் மிகவும் பேசப்பட்டது. வீடுகளுக்கு நடுவே ஒருவரையும் தொடாமல் கடந்து போகும் யானையையும், குடிசையைப் பிரித்துப் போடும் யானையையும் அந்த மக்கள் ஒன்றாக எண்ணுவதில்லை என்பதை அதில் எடுத்துக்காட்டினார். நம்மோடு முகம் பார்த்து நடந்துகொள்கிற யானை அவர்களுக்கு உறவின் வட்டத்துக்குள் வந்துவிடுகிறது. அப்படிப் பார்க்கத் தெரிந்தவர்களுடைய கை செய்த யானை லண்டனில் நின்றது. அச்சில் வார்த்த யானைக்கும் அதற்கும் நடுவே உள்ள தூரம் அதுதான்.

அடுத்தது, திறந்தவெளி. காட்சிக்கூடத்துக்கு வாசல் உண்டு, வாசலில் சீட்டு உண்டு. உள்ளே போக முடிவெடுத்தவர்தான் உள்ளே போகிறார். வெளியில் நிற்கும் கலை வழியில் எதிர்ப்படுகிறது. வேலைக்கு ஓடுகிறவர், நாயை நடத்திப் போகிறவர், பள்ளிப் பிள்ளை என்று யாரையும் அது கேட்பதில்லை. நகரத்தில் விலங்கும் அப்படித்தானே எதிர்ப்படுகிறது? முன்னறிவிப்போடு எந்த யானையும் வருவதில்லை. அதனால்தான் இந்தப் பொருளுக்குத் திறந்தவெளியே சரியான இடம் என்று சொல்கிறேன். இன்னொன்று, அளவு. தொலைக்காட்சிப் பெட்டிக்குள் யானை நம் உள்ளங்கை அளவு. எதிரில் வளர்ந்த கொம்பனின் தோள் ஒன்பது அடி இருக்கும் என்பதைக் கழுத்தை நிமிர்த்தினால்தான் உடம்பு நம்பும். மாமல்லபுரத்துச் சிற்பிகள் அதை அறிந்திருந்தார்கள். அந்தப் பெரிய புடைப்புச் சிற்பப் பாறையின் முன் நின்றவர்களுக்குத் தெரியும்: தெருவோரத்தில், கூரையில்லாமல், உயிர் அளவில் இரண்டு யானைகள். காலடியில் கன்றுகள். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக வெயிலில் நிற்கின்றன. வானிலிருந்து இறங்கும் கங்கையும் தேவர்களும் இருக்கிற பாறையில் மக்களின் கண் முதலில் போய் நிற்பது யானைமேல்தான்.

இனி, நான் இன்று பேச வந்ததன் நடுப்பகுதிக்கு வருகிறேன். லண்டனில் யானைகள் நின்ற அதே ஆண்டில் நம் மலையில் என்ன நடந்தது?

2021 ஜனவரி. மசினகுடியில் ஒரு விடுதி அருகே வந்த ஒரு யானைமேல் எரியும் டயரை எறிந்தார்கள். தீ காதில் பற்றிக்கொண்டது. பிளிறிக்கொண்டு இருட்டுக்குள் ஓடிய அந்தக் காட்சியை நம்மில் பலர் கைபேசியில் பார்த்தோம். சிகிச்சைக்காகத் தெப்பக்காடு முகாமுக்குக் கொண்டுபோகும் வழியிலேயே அது இறந்தது.

அதே ஆண்டு மே மாதம். மசினகுடி வாழைத்தோட்டம் பகுதியில் ரிவால்டோ என்று எல்லோரும் பெயர் சொல்லி அழைத்த ஆண் யானை. துதிக்கையின் நுனி அடிபட்டுக் குறைந்தது அது. மூச்சு விடச் சிரமப்படுகிறது, ஊரை விட்டுப் போவதில்லை என்று சொல்லி, பழங்களைக் காட்டி அழைத்துப் போய் மரக்கூண்டுக்குள் அடைத்தார்கள். ஜூன் முழுக்க, ஜூலை முழுக்க அது கூண்டுக்குள் நின்றது. லண்டன் பூங்காக்களில் குச்சி யானைகளைக் குழந்தைகள் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்த அதே வாரங்கள். விலங்கு ஆர்வலர்கள் குரல் கொடுத்தார்கள், நிபுணர்கள் ஆராய்ந்தார்கள். ஆகஸ்ட் தொடக்கத்தில் கழுத்தில் ரேடியோ காலர் மாட்டி முதுமலைக் காட்டுக்குள் கொண்டுபோய் விட்டார்கள். ரிவால்டோ என்ன செய்தது தெரியுமா? ஓரிரு நாளுக்குள் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் நடந்து தன் பழைய இடத்துக்குப் பக்கத்திலேயே வந்து நின்றது. நல்லவேளையாக, மறுபடி பிடிக்கவில்லை. அதன் போக்கில் வாழட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

அதே ஆண்டு ஜூன் மாதம் மேட்டுப்பாளையத்தில் பாகுபலி என்ற யானை. ஊட்டிச் சாலையைக் கடந்து தோட்டங்களுக்குள் வந்து போகிற அந்தக் கொம்பனுக்கு ரேடியோ காலர் மாட்ட வேண்டும் என்று பழக்கிய யானைகளான கும்கிகளை வரவழைத்தார்கள். பாகுபலி பிடி கொடுக்காமல் காட்டுக்குள் போய்விட்டது. திட்டம் நின்றது. நவம்பரில், இங்கிருந்து அதிகத் தொலைவில்லாத நவக்கரையில், ரயில் மோதி ஒரே இரவில் மூன்று யானைகள் செத்தன.

இவற்றை அடுக்கி வைத்து, அங்கே கொண்டாட்டம், இங்கே கொலை என்று சுருக்கிவிட எனக்கு விருப்பமில்லை. லண்டனில் நின்ற யானைகளைச் செய்தவர்கள் இந்த மலையின் மக்கள்தான். டயரை எறிந்த கை சிலருடையது. எத்தனையோ ஆயிரம் பேர் வாசலில் யானை நின்றால் விளக்கை அணைத்துவிட்டு, பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொண்டு, அது போகும்வரை காத்திருக்கிறார்கள். வாழை போனாலும் பொறுத்துக்கொள்கிறார்கள். வீட்டில் ஒருவரை இழந்த பிறகும் அந்த யானையைச் சுட வேண்டாம் என்று சொன்னவர்கள் உண்டு. சேர்ந்து வாழ்தல் என்ற சொல்லின் முழு எடையையும் சுமப்பவர்கள் இவர்களே. கலை இவர்களுடைய பொறுமையைச் சொல்லாமல் யானையின் அழகை மட்டும் சொன்னால், பாதிதான் சொன்னதாகும்.

இங்கே ஒரு சிக்கலையும் பேசியாக வேண்டும். அன்பைப் பற்றிய சிக்கல் அது. ரிவால்டோ மனிதர் அருகே தயக்கமில்லாமல் வந்ததற்கு ஒரு காரணம், மனிதர்கள் அதற்குப் பழமும் தின்பண்டமும் கொடுத்துப் பழக்கியதுதான். கொடுத்தவர்கள் கெட்ட எண்ணத்தோடு கொடுக்கவில்லை. பிரியத்தில் கொடுத்தார்கள். அந்தப் பிரியத்துக்கு விலையாக யானை கூண்டுக்குள் மூன்று மாதம் நின்றது. 2019-இல் சின்னத்தம்பி என்ற யானையை நினைத்துப் பாருங்கள். தடாகத்தில் பிடித்து டாப்சிலிப் அருகே கொண்டுபோய் விட்டார்கள். காட்டை விட்டு வெளியே வந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் நடந்து உடுமலைப்பேட்டைப் பக்கம் கரும்புக் காட்டில் நின்றது. தமிழ்நாடே தொலைக்காட்சி முன் உட்கார்ந்து அதன் பக்கம் பேசியது. அதைப் பார்க்கக் கூட்டம் கூட்டமாக ஆட்கள் போனார்கள். கடைசியில் பிப்ரவரியில் மறுபடி பிடித்து முகாமுக்குக் கொண்டுபோனார்கள். இன்று அது கும்கி. நாம் எல்லோரும் அதை நேசித்தோம். ஆனால் அதற்கு வேண்டிய தூரத்தை நம்மால் கொடுக்க முடியவில்லை.

ஆகவே விலங்கைப் பற்றிய திறந்தவெளிக் கலைக்கு இரட்டை வேலை இருக்கிறது. அருகில் அழைக்க வேண்டும், தள்ளி நிற்கவும் சொல்லித்தர வேண்டும். பூங்காவில் குச்சி யானையின் துதிக்கையைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்ட பிள்ளை, நாளை தேயிலைத் தோட்டத்தில் ஒரு யானையைப் பார்த்தால் பின்வாங்க வேண்டும். இரண்டாவது பாடம் முதல் பாடத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். கூடலூர் யானைகளின் மகத்துவத்தில் எனக்குக் கொஞ்சமும் ஐயமில்லை. ஆனால் இந்த இரண்டாவது வேலையை லண்டன் புல்வெளியால் செய்ய முடியாது. யானை உண்மையில் நடக்கிற ஊரில்தான் அது முடியும்.

அப்படி நடந்த ஓர் ஊரைச் சொல்கிறேன். லாஸ் ஏஞ்சலஸ். அங்கே ஒரு மலைச்சிங்கம், ஆராய்ச்சியாளர்கள் கொடுத்த எண் பி-22, இரண்டு பெரிய விரைவுச்சாலைகளைக் கடந்து நகரின் நடுவே உள்ள கிரிஃபித் பூங்காவுக்கு வந்துசேர்ந்தது. 2012-இல் அது அங்கே இருப்பது தானியங்கிக் கேமராவில் பதிவானது. ஸ்டீவ் விண்டர் என்ற ஒளிப்படக் கலைஞர், ஹாலிவுட் என்ற அந்தப் பெரிய வெள்ளை எழுத்துகள் பின்னால் தெரிய, இரவில் அது நடந்து போவதைப் பொறிக்கேமராவில் எடுத்தார். அந்த ஒரு படத்துக்காக ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்தார். 2013-இல் படம் வெளிவந்ததும் நகரம் அதைத் தன் குடிமகனாக எடுத்துக்கொண்டது. சுவர்களில் அதன் ஓவியங்கள் வந்தன. மாநகரின் பல பேட்டைகளில் தெருக்கலைஞர்கள் அந்த முகத்தை வரைந்தார்கள். பொதுவாக ஏதோ ஒரு சிங்கம் என்று எவரும் வரையவில்லை. பக்கத்துப் பூங்காவில் தனியாக வாழ்கிற, துணை தேடிப் போக வழியில்லாத அந்த ஒன்றை வரைந்தார்கள்.

எல்லோரும் அதை அறிந்திருந்தார்கள், நேரில் பார்த்தவர்கள் மிகச் சிலர். யாரும் கிட்டே போய்ப் பழகவில்லை. அந்தப் பாசம் எங்கே போய்ச் சேர்ந்தது என்றால், ஒரு பாலத்தில். பத்துத் தட வாகனச் சாலைக்கு மேலே, விலங்குகள் கடக்க மண்ணும் செடியும் போட்ட பாலம். 2022 ஏப்ரலில் பணி தொடங்கியது. பி-22 அதைக் கடக்கவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் வாகனத்தில் அடிபட்டு, முதுமையும் நோயும் சேர்ந்து, கருணைக் கொலை செய்ய வேண்டியதாயிற்று. அதன் உடலை அந்த மண்ணின் பூர்வகுடி மக்கள் தங்கள் சடங்கோடு மலையில் அடக்கம் செய்தார்கள். ஓவியங்கள் மட்டுமே பாலத்தைக் கட்டின என்று சொல்லமாட்டேன். ஆராய்ச்சி இருந்தது, பெரும் நன்கொடை இருந்தது. ஆனால் நகரத்து மனிதர் தம் வரிப்பணமும் அதில் போகட்டும் என்று சம்மதித்தாரே, அந்தச் சம்மதத்தில் சுவரோவியங்களுக்குப் பங்கு உண்டு.

நியூயார்க்கில் 2008-இல் நடந்த இன்னொன்றையும் போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன். ஃபிரிட்ஸ் ஹேக் என்ற கலைஞர் விட்னி அருங்காட்சியகத்தின் வாசலுக்கு மேலேயே வெண்தலைக் கழுகுக்கு ஒரு பெரிய கூடு கட்டினார். நானூறு ஆண்டுகளுக்கு முன் அந்த இடத்தில் வாழ்ந்த பன்னிரண்டு உயிர்களுக்கு வீடு கட்டிக் கொடுப்பது அவருடைய கற்பனை. இந்தக் கட்டடம் நிற்கும் இடத்தில் முன்பு யார் குடியிருந்தார்கள் என்று கேட்கிற கலை அது. கோவையில் நாம் அந்தக் கேள்வியை முன்பு என்று கேட்க வேண்டியதில்லை. இப்போது யார் குடியிருக்கிறார்கள் என்றே கேட்கலாம்.

நம் ஊர்ச் சுவர்களைப் பாருங்கள். பாலத் தூண்களில் விலங்கு வரைகிறோம். ஆப்பிரிக்க யானையின் பெரிய காது, ஒட்டகச்சிவிங்கி, வாய் பிளந்த புலி. ரவுண்டானாவில் சிமெண்ட் மான். நம் ஓவியர்களின் கை நல்ல கை. அவர்களுக்குக் கொடுக்கும் படம்தான் தவறு. மேட்டுப்பாளையம் பேருந்து நிலையத்தில் இறங்குகிற ஊட்டிப் பயணிக்குப் பாகுபலியைத் தெரியாது. கல்லாறு வழியாக யானைகள் கடக்கும் தடத்தின்மேல் தன் வண்டி போகப்போகிறது என்று தெரியாது. தடாகத்தில் செங்கல் சூளைகள் எந்தத் தடத்தை வெட்டின என்பது நகரத்துக்குள் வீடு கட்டியவருக்குத் தெரியாது. அந்தச் செங்கல் அவர் சுவரில் இருக்கிறது.

எனவே மாநகராட்சிக்கும் வனத்துறைக்கும் ரயில்வேக்கும் இங்கே வந்திருக்கும் ஓவிய மாணவர்களுக்கும் வைக்கும் என் கோரிக்கை இது. மருதமலை, தடாகம், மதுக்கரை, மேட்டுப்பாளையம் ஆகிய இடங்களில் பொதுச் சுவர்களில், அந்தந்தப் பகுதியில் நடமாடுகிற யானையை, அதன் காது மடிப்போடும் தந்த வளைவோடும், உயிர் அளவில் வரையுங்கள். பெரும்பாலும் எந்த நேரத்தில் எந்த வழியாகக் கடக்கும், அப்போது வண்டியை எவ்வளவு தள்ளி நிறுத்த வேண்டும், ஹாரன் அடிக்கக் கூடாது, தின்பண்டம் போடக் கூடாது என்பதெல்லாம் அந்த ஓவியத்துக்குள்ளேயே இருக்கட்டும். தனியாக ஒரு தகரப் பலகையில் எழுதி வைத்தால் யாரும் படிப்பதில்லை. யானைத் தடத்தின்மேல் எதையும் நிறுவாதீர்கள், ஓவியத்துக்கு இரவு விளக்கும் போடாதீர்கள். அந்த வெளிச்சமே யானையின் வழியை மறிக்கும்.

வரைவதற்கு முன்னால் அடிவார ஊர்களின் இருளர் பெரியவர்களைக் கேளுங்கள். காட்டுநாயக்கர்களுக்குக் கூடலூர் யானைகளைத் தெரிவதுபோல அவர்களுக்கு இந்தப் பக்கத்து யானைகளைத் தெரியும். கேட்டுவிட்டு நன்றி சொல்லி அனுப்பிவிடாமல் ஓவியருக்குக் கொடுக்கும் அதே கூலியை அவர்களுக்கும் கொடுங்கள். சுவரில் ஓவியரின் பெயரோடு அவர்கள் பெயரையும் எழுதுங்கள். யானை இறந்தாலோ, இடம் மாறினாலோ, புதிய கன்று சேர்ந்தாலோ படத்தை மாற்றுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை பார்த்து மாற்றும் செலவை இப்போதே திட்டத்தில் சேர்த்துவிடுங்கள். முதல் சுவர் மேட்டுப்பாளையத்தில், ஊட்டிச் சாலை தொடங்கும் இடத்தில் இருக்கட்டும். இதற்காகத் தங்கள் விடுமுறை நாட்களைக் கொடுக்க முன்வரும் மாணவர்கள், கூட்டம் முடிந்ததும் மேடைக்கு அருகே வந்து பெயர் கொடுங்கள்.